பழைய கப்பல் யார்டை ஊரா மாத்துறது எப்படி: மால்மோவை வச்சு முழுமையான வழிகாட்டி

ஸ்வீடனோட தெற்கு ஓரத்துல மால்மோன்னு ஒரு துறைமுக ஊரு. அங்க 1840-ல ஆரம்பிச்ச கோக்கும்ஸ்னு ஒரு கம்பெனி, 1950, 60-கள்ல உலகத்துலயே பெரிய கப்பல் யார்டுகள்ல ஒண்ணா இருந்துச்சு. அவங்களோட பெரிய கிரேன் 138 மீட்டர் உயரம், 1500 டன்னை ஒரே தூக்கா தூக்கும், ஊர்ல எங்க நின்னு பார்த்தாலும் அதான் தெரியும். 80-களோட பின்பாதியில சரக்குக் கப்பல் கட்டுறதையே நிறுத்திட்டாங்க. அதே இடத்துல சாப் கார் ஃபேக்டரி 1989-ல வந்துச்சு, 1991-ல அதுவும் மூடிட்டாங்க. 1990-லேர்ந்து 95-க்குள்ள ஊர்ல சுமார் 27,000 வேலை போச்சு. கடைசியில 2002-ல அந்த கிரேனை தென் கொரியாவோட ஹூண்டாய் ஒரே ஒரு டாலருக்கு வாங்கி, கழட்டி, கப்பல்ல ஏத்திக் கொண்டு போயிருச்சு. கரையில நின்னு பார்த்தவங்க அழுதாங்களாம், அதனால அது இப்ப நிக்கற தென் கொரியாவோட உல்சான் ஊர்ல இன்னைக்கும் அதுக்கு 'மால்மோவின் கண்ணீர்'னுதான் பேரு.

இப்ப அதே இடத்துக்குப் போனா வீடு இருக்கு, ஸ்கூல் இருக்கு, யுனிவர்சிட்டி இருக்கு, சாயங்காலம் ஆனா ஊரே கடலைப் பார்த்து உக்காந்திருக்கு. மேற்குத் துறைமுகம்னு சொல்ற அந்த 160 ஹெக்டேருக்கு மேலான இடத்தை எப்படி மாத்துனாங்க, எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை, எங்க தப்பு பண்ணாங்க, இதெல்லாம்தான் இந்த வழிகாட்டி. நடுவுல ஜெர்மனியோட ஹாம்பர்க் துறைமுகத்துல ஹாஃபன்சிட்டின்னு செஞ்ச வேலையும் வரும், ஏன்னா வெள்ளம், நில விற்பனை ரெண்டுலயும் அவங்ககிட்ட கத்துக்க நிறைய இருக்கு. ஆர்க்கிடெக்சர் படிக்கிறவங்க, மாநகராட்சியில வேலை பாக்குறவங்க, துறைமுகத்துக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்க, மூணு பேருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். இந்த மாதிரி வேலையில டிசைன் தப்பா போறதை விட வேலையோட வரிசை தப்பா போய்த்தான் நிறைய புராஜெக்ட் கெட்டுப்போகுது, அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

படி 1: நிலத்தை முதல்ல கைக்குள்ள கொண்டு வாங்க

படம் வரையறதுக்கு முன்னாடி, பேப்பர்ல செய்தி வர்றதுக்கு முன்னாடி, நிலம் யார் பேர்ல இருக்குன்னு பாக்கணும். மால்மோவுல 90-கள்ல நகராட்சியே யார்டு நிலத்தை வாங்கிருச்சு. ஹாம்பர்க்ல இன்னும் கெட்டிக்காரத்தனமா பண்ணாங்க, நகரத்துக்குச் சொந்தமான ஒரு கம்பெனி வழியா துறைமுகத்துல இருந்த குத்தகையெல்லாம் சத்தமில்லாம வாங்கி முடிச்சுட்டு, 1997-லதான் மேயர் இங்க புது ஊரு வரப்போகுதுன்னு வெளிய சொன்னாரு. முன்னாடியே சொல்லியிருந்தா மறுநாளே நில விலை ஏறியிருக்கும்.

விலை ஏறினா என்ன ஆகும்னா, அதிக விலைக்கு வாங்குன பில்டர் அந்தக் காசை எடுக்கறதுக்கு அதே மனையில இன்னும் நாலு மாடி கேப்பாரு, பார்க்கைக் குறைக்கச் சொல்லுவாரு, வாடகை வீடு வேணாம்னுவாரு, நீங்களும் ஒண்ணொண்ணா விட்டுக்குடுத்துட்டே வருவீங்க. நிலம் நகரத்து கையில இருந்தா மட்டும்தான் கீழ சொல்லப்போற எல்லா விதியையும் விற்பனைப் பத்திரத்துலயே எழுத முடியும். மொத்த நிலத்தையும் வாங்கக் காசு இல்லேன்னா கரையோரத்தையும் ரோடு போற பாதையையுமாவது வாங்கிடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

படி 2: இடிக்கறதுக்கு முன்னாடி கணக்கெடுப்பு

புல்டோசர் வந்ததுக்கு அப்புறம் எதையும் திருப்பிக் கொண்டு வர முடியாது. அதனால ஒவ்வொரு ஷெட்டா, ஒவ்வொரு சுவரா ஒரு பதிவேடு போடுங்க. தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி, தரை எவ்வளவு பாரம் தாங்கும், கூரையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கா, கிரேன் ஓடுற தண்டவாளம் எங்க போகுது, கரைச் சுவர் கல்லா கான்கிரீட்டா, அடியில மரக் கம்பம் அடிச்சிருக்கா, எல்லாமே. கூடவே அங்க வேலை பார்த்த பழைய ஆளுங்களைக் கூப்பிட்டு நடக்க விடுங்க. எந்தத் தொட்டியில என்ன ஊத்துனாங்க, எந்தக் குழியை எப்ப மூடுனாங்கன்னு வரைபடத்துல இருக்காது, அவங்க ஞாபகத்துலதான் இருக்கும், அடுத்த படிக்கு அந்த ஞாபகம் ரொம்ப முக்கியம்.

மால்மோவுல கப்பலைக் கட்டித் தண்ணியில இறக்குற சாய்தளம் ஒண்ணு இருந்துச்சு. அந்த இடத்துல ஸ்கேட்போர்டு பார்க் கட்டிட்டாங்க, இப்ப வெளிநாட்டுல இருந்தெல்லாம் பசங்க அங்க வர்றாங்க. நீர்மூழ்கிக் கப்பல் கட்டுன கூடம் யுனிவர்சிட்டி கைக்குப் போச்சு. வார்ப்புப் பட்டறையில செங்கல் சுவரையும் இரும்புச் சட்டத்தையும் அப்படியே வச்சுக்கிட்டு உள்ள மரத்துல தளம் போட்டு ஆபீஸ் ஆக்கிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த வார்ப்புப் பட்டறைதான், ஏன்னா உள்ள நின்னு பார்த்தா பழைய தூண்ல கரி படிஞ்ச கறுப்பு அப்படியே இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே புது மரம் வெளேர்னு நிக்குது, எது பழசு எது புதுசுன்னு ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும்.

பழசை வச்சுக்கறதுன்னா செலவு கம்மின்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. ஹாம்பர்க்ல 60-கள்ல கட்டுன ஒரு கிடங்கு மேல எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கத்தைக் கட்டுனாங்க, நகரத்தோட பங்கு 7.7 கோடி யூரோன்னு ஆரம்பிச்சு 78.9 கோடியில முடிஞ்சுது, 2017-லதான் திறந்தாங்க. கட்டடம் அழகுதான், ஆனா டிசைன் முழுசா முடியறதுக்கு முன்னாடியே கான்ட்ராக்ட் போட்டா இப்படித்தான் ஆகும்.

படி 3: மண்ணு

இதைத்தான் எல்லாரும் வேகமா தாண்டிப் போகப் பாப்பாங்க, நான் இதுலதான் ரொம்ப நேரம் நிக்கப் போறேன்.

துறைமுக நிலம்னா பெரும்பாலும் கடலை மண்ணு கொட்டி மூடுன நிலம். என்ன கிடைச்சுதோ அதைக் கொட்டியிருப்பாங்க, இடிச்ச செங்கல், நிலக்கரிச் சாம்பல், தோண்டி எடுத்த சேறு. அது மேல நூறு வருஷம் பட்டறை ஓடியிருக்கும். எந்த வேலை நடந்த இடத்துல எந்த விஷம் இருக்கும்னு ஓரளவு முன்கூட்டியே சொல்லிடலாம். பெயின்ட் ஷெட்டுன்னா ஈயம். கப்பல் அடிப்பாகத்துல சிப்பியும் பாசியும் ஒட்டாம இருக்க அடிக்கிற பெயின்ட்டுன்னா செம்பு, ட்ரைபியூட்டில் டின். இந்த டின் சமாச்சாரத்தை 2008-லேர்ந்து கப்பலுக்கு அடிக்கவே கூடாதுன்னு உலக ஒப்பந்தம் இருக்கு, ஆனா பழைய சேத்துல அது இன்னும் உக்காந்திருக்கு. பாய்லர் இருந்த இடத்துல சாம்பலும் தாரும். முலாம் பூசுன இடத்துல குரோமியம். எண்ணெய் டேங்க் இருந்த இடத்தைச் சொல்லவே வேணாம்.

நான் ஆரம்ப காலத்துல வேலை பார்த்த ஒரு துறைமுகப் புராஜெக்ட்ல, ஊர் பேரு வேணாம், நேரம் இல்லேன்னு சொல்லி நிலத்துல அங்கங்க ஆறே ஆறு துளை போட்டு டெஸ்ட் எடுத்தாங்க. ரிப்போர்ட் சுத்தமா வந்துச்சு. அஸ்திவாரம் தோண்டும்போது மூணாவது மீட்டர்ல கறுப்பா, விரல்ல எடுத்தா இழுபடற மாதிரி ஒரு அடுக்கு வந்துச்சு பாருங்க, புது ரோடு போடற இடத்துல வருமே அந்த வாடை, சட்டையில ஒட்டி வீடு வரைக்கும் வந்துச்சு. வேலை அன்னைக்கே நின்னு போச்சு, மறுபடி ஆரம்பிக்க எட்டு மாசம். அந்த எட்டு மாச வட்டியில ஆறுக்குப் பதிலா அறுநூறு துளை போட்டிருக்கலாம்.

அதனால கட்டம் கட்டமா பிரிச்சு துளை போடுங்க, சந்தேகமான இடத்துல கட்டத்தைச் சின்னதாக்குங்க, கொட்டுன மண்ணு முடிஞ்சு பழைய கடல் தரை வர்ற வரைக்கும் போங்க. மண்ணோட நிலத்தடி நீரையும், மண்ணுல இருந்து வர்ற வாயுவையும் சேர்த்து பாருங்க. ரிசல்ட் வந்ததும் நாலு வழி இருக்கு: ரொம்ப மோசமானதைத் தோண்டி வெளிய அனுப்பறது, அங்கயே கழுவியோ நுண்ணுயிர் விட்டோ சுத்தம் பண்றது, சுத்தமான மண்ணைக் கனமா மேல போட்டு மூடறது, இல்லேன்னா பிளானையே மாத்தறது. நாலாவதை யாரும் யோசிக்கறதில்ல. மோசமான இடத்து மேல கார் பார்க்கிங்கோ ரோடோ வந்தா மூடி விட்டாலே போதும், அதே இடத்துல குழந்தைங்க ஸ்கூலும் காய்கறித் தோட்டமும் வந்தா முழுசா தோண்டணும். அதான் மண் ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம்தான் பிளான் வரையணும்னு தலைதலையா அடிச்சுக்கறேன். மால்மோவுலயும் கொட்டுன நிலத்தை டெஸ்ட் பண்ணி, கெட்ட மண்ணை எடுத்துட்டு, சுத்தமான மண்ணைப் போட்டுட்டுத்தான் வீடு கட்டுனாங்க.

கரைக்கு வெளிய தண்ணிக்கு அடியில இருக்கற சேத்தை மட்டும் டெஸ்ட் பண்ணாம கிளறிடாதீங்க. அடங்கிக் கிடக்குறதைக் கலக்கி விட்டா மீனுக்குப் போகும்.

படி 4: தண்ணி எவ்வளவு உயரம் வரும்

ஹாம்பர்க்ல 1962 பிப்ரவரியில வந்த வெள்ளத்துல அந்த ஊர்ல மட்டும் 315 பேர் செத்துப் போனாங்க. ஹாஃபன்சிட்டி இருக்கற 157 ஹெக்டேரும் ஊரைக் காக்கற கரைக்கு வெளிய இருக்கு. சுத்தி புதுசா கரை கட்டுனா கடைசிக் கல்லு வைக்கற வரைக்கும் ஒரு வீடு கூட கட்ட முடியாது, தண்ணியும் கண்ணுக்குத் தெரியாது. அதனால பழைய கால விவசாயிங்க மேடு போட்டு அது மேல வீடு கட்டுன முறையை எடுத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு கட்டடமும் கடல் மட்டத்துக்கு மேல 8, 9 மீட்டர் உயர மேடை மேல நிக்கும், அந்த மேடைக்குள்ளயே கார் பார்க்கிங், ரோடும் அதே உயரத்துல. கரையோர நடைபாதையை மட்டும் தாழ்வா பழைய உயரத்துலயே விட்டுட்டாங்க, வெள்ளம் வந்தா அது முழுகும், முழுகட்டும், தண்ணி வடிஞ்சதும் கழுவிக்கலாம். ஒவ்வொரு மனையா உயர்த்தலாம்ங்கறதால வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா கட்ட முடிஞ்சுது, இதான் அதுல பெரிய லாபம்.

படி 5: வீட்டுக்கு முன்னாடி வேலையும் வண்டியும்

லண்டன்ல பழைய துறைமுக இடத்துல கேனரி வார்ஃப்னு ஒரு ஆபீஸ் டவரை 1991-ல கட்டி முடிச்சாங்க, பாதி ஆபீஸ் காலியா கெடந்து அடுத்த வருஷமே கட்டுன கம்பெனி திவாலாச்சு. சின்ன ரயில் 1987-லயே வந்துச்சு, ஆனா ஜூப்லி லைன்ங்கற பெரிய மெட்ரோ ரயில் வந்தது 1999-லதான். மால்மோ இதுல உஷாரா இருந்துச்சு. 1998-ல யுனிவர்சிட்டியை யார்டு ஓரத்துலயே ஆரம்பிச்சாங்க, 2000 ஜூலையில டென்மார்க்குக்குப் பாலம் திறந்தாச்சு, 2001-லதான் முதல் வீடுங்க. காலையில நடந்து போற ஸ்டூடண்ட் கூட்டம் இருந்ததாலதான் டீக்கடை, சைக்கிள் கடை எல்லாம் தாக்குப்பிடிச்சுது.

படி 6: விதியை எழுதுங்க, மனையைச் சின்னதாக்குங்க

மால்மோவுல கட்டுன முதல் பகுதி பேரு பூ-நூல்-எட் (Bo01), 2001 மே மாசம் வீட்டுக் கண்காட்சியாவே திறந்தாங்க, கிளாஸ் தாம்னு ஒரு ஆர்க்கிடெக்ட் பிளானுக்குத் தலைமை. மொத்த இடத்தையும் ஒரே டெவலப்பர்கிட்ட குடுக்காம சின்னச் சின்ன மனையா பல டெவலப்பர், பல ஆர்க்கிடெக்ட்டுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க, எல்லாரும் சேர்ந்து ஒரு தர ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க.

அந்த பிளானோட மூளை காத்துல இருக்கு. ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவுல இருக்கற ஓரேசுண்ட் ஜலசந்தியில இருந்து வர்ற காத்து குளிர்காலத்துல ஆளைத் தள்ளிடும். அதனால கடல் ஓரமா உயரமான கட்டடத்தை வரிசையா சுவர் மாதிரி நிறுத்தி, உள்ள சின்ன வீடு, தெருவெல்லாம் நேரா போகாம கோணலா திரும்பும். நான் போனப்ப வெளிய தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன், ஒரு சந்துக்குள்ள திரும்புனேன், பத்து அடியில காத்து அப்படியே அடங்கிப் போச்சு, ஒரு வீட்டு வாசல்ல ரோஜா பூத்திருந்துச்சு. உங்க ஊர்ல காத்துக்குப் பதில் வெயில் பிரச்சினையா இருந்தா நிழலுக்கு இதே மாதிரி யோசிக்கணும்.

பசுமைக்கு ஒரு மார்க் முறை வச்சாங்க, பெர்லின்ல இருந்து எடுத்துக்கிட்டது. தார் போட்ட இடத்துக்கு 0, ஆழமான மண்ணுல செடி இருந்தா 1, புல்லு போட்ட கூரை, கொடி ஏறுன சுவர் எல்லாம் நடுவுல. 1000 சதுர மீட்டர் மனைன்னா எல்லாம் கூட்டி குறைஞ்சது 500 வரணும். இது கூட 35 அம்சம் இருக்கற ஒரு பட்டியல், அதுல 10-ஐயாவது டெவலப்பர் செய்யணும்: வௌவால் கூடு, பறவைக் கூடு, தவளை வாழற குட்டை, முற்றத்துல உள்ளூர் காட்டுப் பூச்செடி 50 வகை, இப்படி. எதை எடுக்கறதுன்னு அவங்க இஷ்டம். அப்புறம் சியாட்டில் மாதிரி ஊருங்களும் இந்த மார்க் முறையை எடுத்துக்கிட்டாங்க.

ஹாம்பர்க்கோட நில விற்பனை முறையும் சேர்த்துக்கோங்க. அதிக விலை சொன்னவருக்குக் குடுக்காம, என்ன கட்டப் போறாருங்கற திட்டத்துக்கு 70 சதவீதம், விலைக்கு 30 சதவீதம்னு எடை போடுவாங்க. ஜெயிச்சவருக்கு உடனே பத்திரம் கிடையாது, ஒரு வருஷத்துக்கு மேல மனையை அவர் பேருக்கு ஒதுக்கி வைப்பாங்க, அதுக்குள்ள ஆர்க்கிடெக்ட் போட்டி நடத்தி, பர்மிட் வாங்கி, பேங்க் பணமும் ரெடி பண்ணாத்தான் நிலம். சொன்னபடி செய்யலேன்னா மனை திரும்ப நகரத்துக்கே. தரைத்தளத்தோட உயரம் குறைஞ்சது 5 மீட்டர் இருக்கணும்னும் ஒரு விதி, அப்பதான் இன்னைக்கு வீடா இருந்தாலும் நாளைக்கு அது கடையா மாற முடியும்.

படி 7: குழாய், கரண்ட், குப்பை, மழைத்தண்ணி

ரோடு போட்டு முடிச்சுட்டு மறுபடி தோண்டாதீங்க, எல்லாம் முதல்லயே கீழ போயிடணும். மால்மோவுல அடியில சுண்ணாம்புப் பாறை, அதுக்குள்ள தண்ணி. போர்வெல் போட்டு கோடையோட சூட்டை அந்தத் தண்ணியில சேமிச்சு வச்சு குளிர்காலத்துல ஹீட் பம்ப் வழியா வீட்டுக்கு எடுத்துப்பாங்க, குளிர்கால ஜில்லுப்பை கோடைக்கு வச்சுப்பாங்க. பம்ப்புக்கான கரண்ட் பக்கத்துல நிக்கற 2 மெகாவாட் காத்தாலையில இருந்து, கூரையில சுமார் 1,400 சதுர மீட்டர் சோலார் வெந்நீர்த் தகடு. ஒவ்வொரு நாளும் சரியா இருக்கணும்னு இல்லாம ஊரோட கிரிட், வெந்நீர்க் குழாய் ரெண்டுலயும் இணைச்சு வருஷக் கணக்குல சரிக்கட்டுனாங்க, இது ரொம்பப் புத்திசாலித்தனம், இல்லேன்னா பேட்டரிக்கே எல்லாக் காசும் போயிருக்கும்.

குப்பை காத்து உறிஞ்சற குழாயில போகும், சமையல் கழிவை சிங்க்லயே அரைச்சு அனுப்பி பயோகேஸ் எடுத்தாங்க. மழைத்தண்ணிக்குப் பாதாளக் குழாய் கிடையாது, முற்றத்துலயே சின்னக் கல் வாய்க்கால் ஓடுது, செடிக்குள்ள புகுந்து குட்டைக்குப் போய் அப்புறம் கடலுக்கு. மழை பெய்யும்போது ஒரு பையன் அதுல ஒரு மரக்கட்டையை விட்டு கூடவே ஓடிட்டு இருந்தான்.

படி 8: கரை எல்லாருக்கும்

முதல் வீட்டுக்கு முன்னாடி இல்லேன்னா அது கூடவே கரையோர நடைபாதையைக் கட்டி முடிச்சிடுங்க. மால்மோவுல அகலமான மரப்படிக்கட்டு மாதிரி கட்டியிருக்காங்க, மேற்குப் பார்த்து. மே மாசம் சாயங்காலம் ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும், நான் உக்காந்திருந்த படியில ஒரு பக்கம் ஊரோட இன்னொரு கோடியில இருந்து பஸ்ஸுல வந்த ஒரு பெரிய குடும்பம், பாத்திரத்துல சோறு கட்டிட்டு வந்திருந்தாங்க, இன்னொரு பக்கம் மேல இருக்கற வீட்டுக்காரங்க வைன் கிளாஸோட. இப்படி ஊரே குளிக்க வந்ததும் குடியிருந்த சிலர் சத்தம் ஜாஸ்தின்னு புகார் சொன்னாங்க. நகராட்சி அசையக் கூடாது, வித்த வீட்டோட பத்திரத்துலயே முன்னாடி இருக்கற கரை பொது இடம்னு இருந்தாத்தான் அசையாம நிக்க முடியும்.

படி 9: யாரு குடியிருப்பாங்க

பூ-நூல்-எட்டோட பெரிய குறை இதான். வீடு அழகு, விலையும் அப்படித்தான். யார்டுல வேலை பார்த்த வெல்டரோட பிள்ளை அங்க வாங்க முடியாது. அடுத்த கட்டமான ஃபிளாக்ஹூசன்ல நகராட்சி டெவலப்பர்களையெல்லாம் ஒரே மேசையில உக்கார வச்சு, வாடகை வீடு நிறைய வர்ற மாதிரி, கட்டுமானச் செலவு குறையற மாதிரி பேசி முடிச்சாங்க. ஹாம்பர்க்லயும் ஆரம்பத்துல வசதிக்காரங்க வீடா இருந்துச்சு, அப்புறம்தான் புது வீட்டுல மூணுல ஒரு பங்கு மானிய வாடகைன்னு கொண்டு வந்தாங்க. ரெண்டு ஊரும் இரண்டாவது கட்டத்துல பண்ணதை நீங்க முதல் கட்டத்துலயே பண்ணுங்க, ஏன்னா நல்ல மனையெல்லாம் முதல் கட்டத்துலதான் போகும்.

படி 10: குடிவந்ததுக்கு அப்புறம் அளந்து பாருங்க

மால்மோவுல ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 105 யூனிட்டுக்குள்ள எனர்ஜி செலவு இருக்கணும்னு இலக்கு வச்சாங்க. மீட்டர் வச்சு பார்த்தா பல கட்டடம் அதைத் தாண்டிப் போச்சு. கடல் தெரியணும்னு பெரிய பெரிய கண்ணாடி வச்சிருந்தாங்க, சூடு அது வழியா வெளிய போச்சு, பேப்பர்ல போட்ட கணக்கும் நிஜத்தோட ஒத்து வரல. கார் விஷயத்துலயும் தப்புக் கணக்கு, ஒரு வீட்டுக்கு 0.7 கார்னு போட்டாங்க, வந்தவங்ககிட்ட அதை விட அதிகமா இருந்துச்சு, அப்புறமா மாடி பார்க்கிங் கட்ட வேண்டியதாச்சு. கண்காட்சி தேதிக்குள்ள முடிக்கணும்னு அவசரப்பட்டதுல திறப்பு நாள்ல சில கட்டடம் முடியவே இல்ல, கண்காட்சி நடத்துன கம்பெனியும் திவாலாச்சு. இதெல்லாத்தையும் மூடி மறைக்காம வெளிய வச்சதாலதான் அடுத்தடுத்த கட்டத்துல கண்ணாடி சின்னதாச்சு, சுவர் கனமாச்சு, ஃபுல்ரிகரன்கற மூணாவது கட்டத்துல, சூடாக்க ரொம்பக் கம்மி எனர்ஜி போதும்ங்கற 'பாஸிவ் ஹவுஸ்' வீடு வந்துச்சு.

அதனால விற்பனைப் பத்திரத்துல ஒரு வரி சேருங்க: குடிவந்து ரெண்டு வருஷத்துக்கு மீட்டர் ரீடிங்கை டெவலப்பர் நகராட்சிக்குக் குடுக்கணும், இலக்கைத் தாண்டினா சரி பண்ற செலவு அவரோடது. ரீடிங்கை எல்லாரும் பாக்கற மாதிரி நகராட்சி வெளியிடணும். அடுத்த மனையை யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ற மேசையில முதல் பேப்பரா அந்த ரீடிங் இருக்கட்டும்.